சொல்லும் பெட்டியும் கேட்கும் பெட்டியும்

தமிழாசிரியன் ஒருவன் வானொலி அலைகளைப் பற்றி எழுதப் புகுவது, வேலி தாண்டிப் பிறர் வளவில் மாங்காய் பறிப்பது போன்றது என விஞ்ஞான ஆசிரியர்கள் நகைக்கக்கூடும். மலர்க் குழுவினர் என்னிடம் எதிர்பார்த்ததும் இலக்கியக் கட்டுரை ஒன்றையே. எனினும், சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டிடத்திலே ஒரு மாலைப்பொழுதில் நான் கேட்ட குரல் என் நெஞ்சைவிட்டு அகலாமையால், அதனையே எழுதத் துணிந்தேன். நான் இத்துறை கற்றவன் அல்லன், கற்கத் தொடங்கியவன். ஆதலினால், என்னைப் போலப் புதிதாகத் தொடங்குவோர்க்கு இக்கட்டுரை ஒருவாறு பயன்படும் என்பது என் துணிபு.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. அப்பொழுது எனக்கு வயது பத்து. இரவு ஒன்பதே காலுக்கு இலண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்பதற்காக அயலவர் எங்கள் வீட்டுத் திண்ணையிற் கூடுவர். முற்றத்தில் அப்பாவின் துவிச்சக்கரவண்டி தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதன் மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் மின் பிறப்பிப்பது என் கடமை. கை சோர்ந்தால் வானொலியின் குரலும் சோரும்; உடனே, "சுத்தடா தம்பி" என்று திண்ணையிலிருந்து பல குரல்கள் எழும். உலகச் செய்தியின் விலை என்னவென்பதை என் தோள்கள் நன்கு அறிந்திருந்தன.

அக்காலத்தில் என் பெரியண்ணர் கொழும்பிலே தொழில் பார்த்தார். அவருடைய கடிதம் எங்களை வந்தடைய வாரங்கள் செல்லும். கொழும்பிலே குண்டு வெடித்தது என்று வானொலி அறிவித்த ஓர் இரவு, அயலவர் எல்லாரும் எழுந்து சென்ற பின்னரும், அம்மா அப்பெட்டியையே பார்த்தபடி இருந்தார். பின்னர், "இது சொல்லுது. நாங்கள் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுதில்லையே" என்றார். அண்ணர் நலமாக இருக்கிறார் என்பதை நாம் அறிவதற்கு இருபத்திரண்டு நாள்கள் சென்றன. அம்மா சொன்ன அந்தச் சொல் இன்றும் என் செவியில் இருக்கின்றது.

மறுமொழி சொல்லவல்ல பெட்டிகள் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. ஆனால், அவை ஆயுதம் ஏந்தியோர் கைகளிலேயே இருந்தன. வோக்கிடோக்கி என்ற சொல்லைக் கேட்டாலே விலகி நடப்பது எமக்குப் பழக்கமாயிற்று. ஆகவே, சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து, பையிலிருந்து சிறிய கைக்கருவி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தபோது, நான் சிந்திக்கு முன்னரே என் கை ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து அதனை மூடிவிட்டது. அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்து, "சேர், பயப்படாதேங்கோ. என்ரை பேரிலை அனுமதிப்பத்திரம் இருக்கு" என்றார். அன்று தொடங்கியது என் கல்வி.

அமெச்சூர் வானொலி என்பது, ஊதியம் கருதாது, அறிவும் நட்பும் கருதித் தனிமனிதர் நடத்தும் வானொலித் தொடர்பாகும். இதில் ஈடுபடுவோரை ஹாம் என்றும் வழங்குவர். இவர்கள் பேசுதற்கென நாடுகள் கூடி ஒதுக்கிய அலைப்பட்டைகள் பல உள. அவற்றுள் ஒரு தொகுதியே யூ.எச்.எவ். எனப்படும் மீயுயர் மீடிறன் பட்டைகள். 300 மெகாஹேர்ட்ஸ் முதல் 3,000 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதி இது. செக்கனுக்கு முப்பது கோடி தடவைக்குக் குறையாமல் அதிரும் அலைகள் இவை என்க. நம் கைத்தொலைபேசி பேசுவதும் பெரும்பாலும் இப்பகுதியிலேதான்.

மீடிறன் ஏற ஏற அலைநீளம் குறையும். 300 என்ற எண்ணை மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைக் கற்றால் பாதி வழி சென்றவராவோம். 435 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.69 மீற்றர் வரும். அதனாலேதான் 430 முதல் 440 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 70 சென்ரிமீற்றர் பட்டை என்கின்றனர். அன்ரனாவின் நீளம் பொதுவாக அலைநீளத்தின் காற்பங்கு அல்லது அரைப்பங்காக அமையும். 40 மீற்றர்ச் சிற்றலைக்குக் காற்பங்கு அன்ரனா வேண்டின் 10 மீற்றர் கம்பி வேண்டும். பனையின் பாதி உயரம் அது. 70 சென்ரிமீற்றருக்கோ 17 சென்ரிமீற்றர் போதும்; ஒரு சாணுக்கும் குறைவு. பெருவளவும் பெரும்பொருளும் இல்லாத மாணவனுக்கு இப்பட்டை ஏற்றதாவதற்கு இது முதற் காரணம்.

புதியது போலத் தோன்றும் இவ்வலை உண்மையில் வானொலியின் மூத்த பிள்ளைகளுள் ஒன்று. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹைன்றிச் ஹேர்ட்ஸ், மின்காந்த அலை உண்டு என்பதைச் செய்து காட்டியவர். 1888 ஆம் ஆண்டில், வளைந்த உலோகத் தகடுகளைக் கொண்டு அலையைக் குவித்தும் தெறிக்கவிட்டும் அவர் ஆராய்ந்தபோது, அவருடைய அலையின் நீளம் ஏறக்குறைய 66 சென்ரிமீற்றர். இன்று மாணவர் கையாளும் 70 சென்ரிமீற்றர் பட்டைக்கு அது மிக அண்மையது. முப்பத்தாறாவது வயதிலே, 1894 இல், அவர் மறைந்தார். அவர் பெயரே இன்று மீடிறனின் அலகாக நின்று நிலவுகின்றது.

சர்வதேசப் பங்கீட்டில், இலங்கை அடங்கும் மூன்றாம் பிராந்தியத்தில், 70 சென்ரிமீற்றர் பட்டைக்கு மேலே 1240 முதல் 1300 மெகாஹேர்ட்ஸ் வரை 23 சென்ரிமீற்றர் பட்டையும், 2300 முதல் 2450 வரை 13 சென்ரிமீற்றர் பட்டையும் அமெச்சூர்களுக்கு உள. எனினும், இவற்றில் அமெச்சூர்கள் இரண்டாம் நிலையினரே. குத்தகைக் காணியிற் பயிர்செய்பவன் காணிக்காரனுக்கு வழிவிடுவது போல, ராடர் முதலிய முதலுரிமைச் சேவைகளுக்கு இவர்கள் வழிவிடல் வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எதனை அனுமதிக்கின்றது என்பதையும் அறிந்தே பேசல் வேண்டும். தொடங்குவோர் 70 சென்ரிமீற்றரிலேயே தொடங்குக. அதற்குரிய கருவி எளிதிற் கிடைக்கும், பேசுதற்கு ஆட்களும் உளர்.

இனி, இவ்வலையின் இயல்பைக் கூறுவேன். சிற்றலை வானின் மேலடுக்கிலே பட்டுத் திரும்பிக் கண்டங்களைத் தாண்டும். இலண்டன் குரல் எங்கள் திண்ணைக்கு வந்தது அவ்வழியே. யூ.எச்.எவ். அலையோ அவ்வடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே சென்றுவிடும். நிலத்தில், அது பெரும்பாலும் கண்ணுக்கு எட்டிய தூரத்தைச் சற்றே கடந்து நின்றுவிடும். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலங் கண்டு, 4.1 ஆற் பெருக்கினால், அலையின் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்பது தெரியும். நிலத்தில் நிற்பவன் கையில் ஒன்றரை மீற்றர் உயரத்திலுள்ள கருவிக்கு 5 கிலோமீற்றர். 20 மீற்றர்ப் பனையின் உச்சிக்கு 18 கிலோமீற்றர். இருவர் பேசுவதாயின் இருவருடைய அடிவானங்களையும் கூட்டிக்கொள்க. இலையும் ஈரமும் சுவரும் இவ்வலையை உறிஞ்சுவதால், சோலை நடுவே இத்தூரம் இன்னும் குறையும். வலுவை இரட்டிப்பதைவிட அன்ரனாவை உயர்த்துவதே மேல் என்பது இத்துறையாரின் பட்டறிவு. குன்றில் அல்லது கோபுரத்தில் அமைந்த மீள்பரப்பு நிலையம் ஒன்று ஒரு குரலைக் கேட்டு, அதே கணத்தில் வேறொரு மீடிறனில் உரத்துச் சொல்வதும் இக்குறையை நீக்குதற்கே.

ஆதலின், ஐந்து உவாற்றுக் கைக்கருவியால் யாழ்ப்பாணத்திலிருந்து, வான்வழியே 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புடன் நேரே பேச இயலாது. இதனை அறிந்தபோது எனக்குச் சிறிது ஏமாற்றமே. அம்மாவின் கேள்விக்கு இக்கருவியும் விடையாகாதோ என எண்ணினேன். என் மாணவர், "சேர், பக்கவாட்டிலை பாக்காதேங்கோ, மேலை பாருங்கோ" என்றார்.

மறுநாள் மாலை விளையாட்டிடத்தின் நடுவே நின்றோம். ஒரு மரச்சட்டத்தில் அளவுநாடாத் துண்டுகளைப் பொருத்தி அவரே செய்த அன்ரனா ஒரு கையில், கருவி மறுகையில். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றுகின்றது. அதிலே அமெச்சூர்களுக்கென மீள்பரப்புக் கருவி ஒன்று 2020 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இயங்கத் தொடங்கியது. நாம் 145.990 மெகாஹேர்ட்ஸிற் பேசினால், அது 437.800 இல் எமக்கு மீளச் சொல்லும். நிலையம் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைவதால், அது எம்மை நோக்கி வரும்போது அலை சற்றே உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். யாழ்தேவியின் ஊதல் எம்மைக் கடக்கையில் தாழ்வது போன்றதே இது. ஆகையால், அடிவானில் 437.810 இலே தொடங்கி, தலைக்குமேல் 437.800 ஆக்கி, மறையும்போது 437.790 வரை இறக்கிக் கேட்டார். முழுக் காட்சியும் பத்து நிமிடத்துள் முடிந்துவிடும்.

முதலில் இரைச்சல்; பின்னர் அதனூடே மனிதக் குரல்கள். என் மாணவர் சிறிது நேரம் பொறுத்து, இடைவெளி கண்டு, 4எஸ்7 எனத் தொடங்கும் தம் அழைப்புக் குறியைச் சொன்னார். இரண்டொரு செக்கன் அமைதி. பின்னர், தென்னிந்தியாவிலிருந்து ஒருவர், தம் குறியைச் சொல்லி, "யாழ்ப்பாணமா? தெளிவாகக் கேட்கிறது, வணக்கம்" என்றார், தமிழிலே. கொழும்பை எட்டாத கருவி, வானை எட்டிக் கடல்கடந்து மறுமொழி பெற்றது. அம்மா இப்பொழுது இல்லை. இருந்திருந்தால் அன்றிரவே வீட்டுக்குச் சென்று சொல்லியிருப்பேன்.

நம் நாட்டின் பெயரும் இப்பட்டையில் ஒலித்ததுண்டு. ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தின் திட்டமொன்றில் இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கிய இராவணா-1 என்ற சிறு செய்மதி, 2019 ஆம் ஆண்டு விண்ணிற் செலுத்தப்பட்டு, அவ்வாண்டு யூன் மாதத்தில் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையுள்ள அது, 437 மெகாஹேர்ட்ஸை அண்டிய அலையிலேயே பூமிக்குச் செய்தி அனுப்பியது. 2021 இல் வளிமண்டலத்திற் புகுந்து எரிந்து மறைந்தது. 435 முதல் 438 வரையுள்ள பகுதி செய்மதிகளுக்குரியதாகையால், நிலத்து உரையாடலுக்கு அதனைப் பயன்படுத்தாது விடுதல் நன்மரபு.

எல்லாவற்றுக்கும் இப்பட்டையே போதும் என்று எவரும் எண்ணற்க. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கரையை அழித்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தியது சிற்றலையினாலே. தொலைவுக்குச் சிற்றலை, ஊருக்கும் விண்ணுக்கும் யூ.எச்.எவ். இந்த வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துபவனே ஆபத்துக் காலத்தில் உதவுவான்.

இனி, தொடங்கும் மாணவர்க்குச் சில சொற்கள். அனுமதிப்பத்திரம் இன்றிப் பேசுங்கருவியைக் கையாள்வது சட்டத்துக்கு மாறானது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தேர்வுக்கும் பத்திரத்துக்கும் பொறுப்பு; கருவி வாங்குமுன் அங்கே விதிகளைக் கேட்டறிக. அதுவரை, பத்திரம் பெற்ற ஒருவரின் அருகிருந்து கேட்டுப் பழகுக. அன்ரனா ஒன்றைக் கையாற் செய்து பார்க்க. கணக்கு உடனே விளங்கும். பேசும்போது மெல்லப் பேசுக. பிறர் பேச்சிடையே புகற்க. வாணிபம் பேசலாகாது. பொருளை மறைக்கும் குறியீடுகளாற் பேசுதலும் ஆகாது. ஒவ்வொருவரும் தம் அழைப்புக் குறியை வெளிப்படச் சொல்லியே பேசல் வேண்டும்.

இக்கடைசி விதிகளே என் அச்சத்தை முற்றாக நீக்கியவை. நாம் அறிந்த பேசுங்கருவி மறைவிலே பேசுவது. யார் பேசினார் என்பது தெரியாதது. இதுவோ, பேசுபவன் தான் இன்னான் என்று உலகறியக் கூறிய பின்னரே பேச விடுவது. அன்று நான் கொப்பியால் மூடியது, மூடவேண்டியதே அன்று.

திருவள்ளுவர் கல்வியைக் கூறி, கல்லாமையைக் கூறி, அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். வகுப்பிலே அதனைப் பல்லாண்டு கற்பித்துள்ளேன். என் தலைமுறையினர் கேட்பதிற் குறைந்தவர் அல்லர். கை சோரச் சுழற்றியும் கேட்டோம். எமக்கு வாய்க்காதது மறுமொழி. அதனை நம் மாணவர் பெறல் வேண்டும். கல்லூரியில் ஒரு சிறு வானொலிக் கழகம் அமைக்கப் பழைய மாணவர் முன்வருவாராயின், தேர்வுக்குப் படிக்கும் முதல் மாணவனாக இத்தமிழாசிரியனின் பெயரையும் எழுதிக்கொள்க.