அழிக்க முதல் ஒருக்காப் பாப்பம்

சீ ட்ரைவ் சிவப்பாகிவிட்டால் ஆலோசனை சொல்ல ஆக்களுக்குப் பஞ்சமில்லை. 'ரெம்ப் போல்டரை அடியோட அழி.' 'ஆப்டேற்றாவுக்குள்ள கிடக்கிறதெல்லாம் குப்பை, அள்ளிக் கொட்டு.' 'ஒரு கிளீனர் போட்டுவிடு, அது பாத்துக்கொள்ளும்.' கடைசியாக, எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து: 'ஃபோர்மற் அடி.' இதுகளில் சிலது நல்ல ஆலோசனைதான். எது நல்லது, எது ஆபத்து எண்டது உங்கட கணினியில் அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருக்கு எண்டதைப் பொறுத்தது. அதைத்தான் ஒருவரும் கேட்கிறதில்லை.

தற்காலிகக் கோப்பு எண்டால் என்ன? ஒரு மென்பொருள் வேலை செய்துகொண்டிருக்கேக்க, முழுக்க நினைவகத்தில் வைத்திருக்க ஏலாததை வன்தட்டில் இறக்கி வைக்கும். தச்சுப் பட்டறையில் மரத்தூளும் கிடக்கும், அளந்து வெட்டி இன்னும் பூட்டாத கதவுச் சட்டமும் கிடக்கும். ரெண்டும் நிலத்தில்தான் கிடக்கும். வேலை முடிய, பட்டறைக்காரரே சட்டத்தை எடுத்துப் பூட்டிவிட்டுத் தூளைக் கூட்டி அள்ள வேணும். மென்பொருளும் அப்பிடித்தான். ஒழுங்காக மூடினால் தான் இறக்கி வைத்ததைத் தானே துடைத்துவிட்டுப் போகும். இடையில் செத்துப்போனால் தூளும் சட்டமும் அப்பிடியே கிடக்கும். வெளியில் இருந்து வருகிற ஆளுக்கு எல்லாம் மரம்தான்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2019 இல் எங்களிடம் பொதுப் பாவனைக்கு ஒரு பழைய லப்டொப் இருந்தது. விண்டோஸ் 7. பற்றறி செத்துக் கனகாலம். வயர் கழன்டால் அந்த நொடியே நிண்டுவிடும். கடையில் பிரித்துத் தந்தபடி சீ ட்ரைவுக்கு 60 ஜிபி. டீ ட்ரைவ் முழுக்கப் பழைய சஞ்சிகைகளின் ஸ்கான்கள். அந்த நேரம் 1995 இடப்பெயர்வு பற்றி வயசான ஆக்களிடம் கேட்டுப் பதிவுசெய்துகொண்டிருந்தம். ஓடாசிற்றி மென்பொருள், ஒரு சின்ன மைக், ஒரு கதிரை. அவ்வளவுதான் எங்கட ஸ்ரூடியோ.

ஒரு நாள் ஒரு அம்மம்மா வந்திருந்தா. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டு, மழைக்குள்ள, சனத்தோட சனமாக நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் போன கதை. "ரெண்டு மூண்டு நாளில திரும்பிடலாம் எண்டுதான் பிள்ளையள் வெளிக்கிட்டனாங்கள். அடுப்பில வைச்ச சோத்தைக்கூட இறக்கேல்ல" எண்டு சொன்னா. எதை எடுத்தது, எதை விட்டது எண்டு ஒவ்வொண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தா. முதலில் நாங்கள் கேள்வி கேட்டம். பிறகு கேள்வி தேவைப்படவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் போயிருக்கும், கரண்ட் போனது. லப்டொப்பும் போனது.

அம்மம்மா சிரிச்சா. "திரும்பச் சொல்லட்டோ?" எண்டு கேட்டா. ஆனால் அவவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், முதல் தரம் சொன்ன மாதிரி ரெண்டாந்தரம் வராது எண்டு. தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டை போயிட்டா.

கரண்ட் வந்து லப்டொப்பைப் போட்டால் சீ ட்ரைவ் சிவப்பு. மிச்சம் 400 எம்பி. மூலையில் 'இடம் காணாது' எண்டு எச்சரிக்கை வந்து வந்து போகுது. ஆலோசனைகளும் வரத் தொடங்கின. ஒரு அண்ணா ஃபோனிலேயே வழி சொன்னார்: "முதல்ல ஆப்டேற்றாவைத் துடையுங்கோ, ரெண்டு நிமிச வேலை." எங்களில் ஒருத்தி மட்டும் மறித்தாள். "பதிவு பண்ணேக்க அது எங்கேயோ எழுதிக்கொண்டுதானே இருந்திருக்க வேணும்? அது எங்க எண்டு பாக்காமல் ஒண்டையும் தொடக்கூடாது."

அந்தக் கேள்விதான் எல்லாத்தையும் காப்பாற்றியது. ஆப்டேற்றா மறைந்து கிடக்கிற போல்டர். மறைந்த கோப்புகளைக் காட்டு எண்டு விண்டோஸுக்குச் சொன்னால்தான் தெரியும். அதற்குள் 'லோக்கல்', அதற்குள் 'ஓடாசிற்றி', அதற்குள் 'செஷன்டேற்றா'. திறந்தால், ஒவ்வொண்டும் ஏறக்குறைய ஒரு எம்பி அளவில், பேர் விளங்காத ஆயிரம் வரையான துண்டுக் கோப்புகள். கணக்குப் பார்த்தம். ஓடாசிற்றியின் வழமையான தரத்தில் ஒற்றைத் தட ஒலி ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குக் கொஞ்சம் மேல எடுக்கும். நூறு நிமிடத்துக்கு ஒரு ஜிபி. கணக்குச் சரி. அம்மம்மா முழுசாக அதுக்குள்ளதான் இருந்தா.

இன்னொண்டும் அண்டைக்குத்தான் விளங்கியது. அந்தத் துண்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்க வேணும் எண்ட குறிப்பு வேற இடத்தில், ஆப்டேற்றாவிலேயே 'றோமிங்' பக்கத்தில், 'ஓட்டோசேவ்' எண்ட போல்டரில் கிடந்தது. ரெண்டில் எதை இழந்தாலும் சிக்கல்தான். ரெண்டையும் அப்பிடியே ஒரு பென் ட்ரைவில் கொப்பி எடுத்தம். அதுக்குப் பிறகுதான் மூச்சு விட்டம்.

இங்க ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேணும். விண்டோஸ் விசையோட ஆர் விசையைச் சேர்த்து அழுத்தி, இரண்டு நூற்றுவீதக் குறிகளுக்கு நடுவில் 'ரெம்ப்' எண்டு ஆங்கிலத்தில் அடித்தால் உங்கட தற்காலிகப் போல்டர் திறக்கும். எல்லாத்தையும் தெரிவுசெய்து அழிக்கப் போனால், சில கோப்புகளில் 'இது இன்னொரு மென்பொருளில் திறந்திருக்கு' எண்டு விண்டோஸ் மறிக்கும். அதில் கோபப்பட ஒண்டுமில்லை. 'ஸ்கிப்' கொடுத்துவிட்டுப் போகலாம். பிடித்துக்கொண்டிருக்கிற மென்பொருளை மூடினாலோ, கணினியை றீஸ்ராட் பண்ணினாலோ பெரும்பாலும் விட்டுவிடும்.

இதை வைத்துத்தான் பலரும் துணிவாகச் சொல்லுகினம், 'தேவையானதை விண்டோஸ் அழிக்க விடாது, மிச்சமெல்லாம் குப்பை' எண்டு. ஆனால் அந்தப் பூட்டு, மென்பொருள் உயிரோட இருக்கும் வரைக்கும்தான். கரண்ட் போய் மென்பொருள் செத்தால் பூட்டும் கழன்டுவிடும். அண்டைக்கு அந்த ஆயிரம் துண்டுகளையும் அழி எண்டு சொல்லியிருந்தால் விண்டோஸ் ஒரு சொல்லும் மறுத்திருக்காது. எந்த நேரம் காவல் மிகவும் தேவையோ, அந்த நேரம்தான் காவல் இல்லை. ஆகவே ஒரு விதி: கரண்ட் போன பிறகோ, ஒரு மென்பொருள் இடையில் நிண்ட பிறகோ உடன துப்பரவாக்கப் போகாதேங்கோ. நிண்டுபோன மென்பொருளை முதலில் ஒருக்காத் திறவுங்கோ. வேர்டாக இருந்தாலும் சரி, ஓடாசிற்றியாக இருந்தாலும் சரி, 'மீட்டுத் தரட்டோ?' எண்டு அதுவே கேட்கும். வேர்ட் வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் மீட்புப் பிரதி ஒண்டை எழுதி வைக்கும். அதுவும் ஆப்டேற்றாவுக்குள்ளதான்.

பென் ட்ரைவில் பிரதி இருந்த துணிவில் துப்பரவு வேலையைத் தொடங்கினம். எங்கட ரெம்ப் போல்டரில் கிடைத்தது அரை ஜிபியும் இல்லை. ஆனால் விண்டோஸுக்கு இன்னொரு ரெம்ப் இருக்கு. சீ ட்ரைவில் 'விண்டோஸ்' போல்டருக்குள்ள. அதைத் திறக்க நிர்வாகி அனுமதி கேட்டது. திறந்தால், 'கப்' எண்டு தொடங்கி இலக்கங்களில் முடியிற கோப்புகள், ஒவ்வொண்டும் நூறு எம்பி அளவில், நூற்றிநாற்பதுக்கு மேல. ஏறக்குறைய 14 ஜிபி. அழித்தம். சிவப்பு நீலமானது. ஓடாசிற்றியைத் திறந்தம். 'சேமிக்காத பதிவு ஒண்டு கிடக்கு' எண்டு கேட்டது. ஓம் எண்டம். கடைசிச் சில விநாடிகள் தவிர எல்லாம் இருந்தது.

கதை அதோட முடியவில்லை. நாலு நாளில் சீ ட்ரைவ் திரும்பச் சிவப்பு. திரும்ப அதே 'கப்' கோப்புகள். திரும்ப அழித்தம், திரும்ப வந்தன. குப்பை அள்ளுறது ஒரு வேலை. குப்பை எங்க இருந்து வருது எண்டு பாக்கிறது வேற வேலை எண்டு அப்போதுதான் உறைத்தது.

தேடிப் பார்த்தால் விண்டோஸ் 7 இல் இது பலருக்கு நடந்த பிரச்சினை. விண்டோஸ் தன்ர பாகங்களை நிறுவும்போதும் அப்டேற் பண்ணும்போதும் நாட்குறிப்பு மாதிரி ஒரு பதிவேடு எழுதும். அது 'விண்டோஸ்' போல்டருக்குள்ள 'லொக்ஸ்', அதுக்குள்ள 'சீபீஎஸ்' எண்ட இடத்தில் இருக்கும். பெருத்தால் பழையதைச் சுருக்கிக் கட்டி வைக்கும். சுருக்கிற கருவிக்கு 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள ஏலாது. எங்கட பதிவேடு அந்த அளவைத் தாண்டியிருந்தது. கருவி சுருக்கத் தொடங்கும், பாதியில் தோற்கும், அரைகுறைப் பொதியை ரெம்ப் போல்டரில் போட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தால் முதலில் இருந்து தொடங்கும். திரும்பத் தோற்கும். அந்த நூற்றிநாற்பது கோப்பும் நூற்றிநாற்பது தோல்விகள்.

பரிகாரம் லேசானது. சேவைகள் பட்டியலில் 'விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்ரோலர்' எண்டதை நிறுத்தி, அந்தப் பெரிய பதிவேட்டை அகற்றி, 'கப்' கோப்புகளையும் அழித்து, றீஸ்ராட் பண்ணினம். பிறகு வரவில்லை. ஃபோர்மற் அடித்திருந்தாலும் கொஞ்சக் காலம் நிண்டிருக்கும்தான். ஆனால் பதிவும் போயிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது.

இப்போது பலரிடம் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11. 'செற்றிங்ஸ்' இல் 'சிஸ்ரம்', 'ஸ்ரோறேஜ்', 'தற்காலிகக் கோப்புகள்' எண்டு போனால் என்ன என்ன எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு பட்டியலாகக் காட்டும். அந்தப் பட்டியலை வாசித்துவிட்டுச் சரி போடுங்கோ. அதில் 'டவுன்லோட்ஸ்' உம் இருக்கும். உண்மையில் எங்கட டவுன்லோட்ஸ் தற்காலிகமோ? விரிவுரைக் குறிப்பு, அடையாள அட்டைப் பிரதி, பரீட்சை அனுமதி அட்டை எல்லாம் அங்கதான். அந்த வரிக்கு முன்னால் சரி இல்லை எண்டதை நிச்சயப்படுத்துங்கோ. இந்த வழியால் அழிக்கிறது றீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனால் போனதுதான். பெரிய அப்டேற்றுக்குப் பிறகு வருகிற 'முந்தைய விண்டோஸ்' பல ஜிபி எடுக்கும். புதியது ஒழுங்காக வேலை செய்தால் அழிக்கலாம், விட்டாலும் பத்து நாளில் தானாகப் போய்விடும். 'வின்எஸ்எக்ஸ்எஸ்' எண்ட போல்டர் பெரிசாகத் தெரியுது எண்டு அதில் கை வைக்காதேங்கோ; விண்டோஸின் பாகங்கள் அங்கதான் இருக்கு. இடம் எங்க போகுது எண்டே தெரியாவிட்டால் 'வின்டேர்ஸ்ராற்' எண்ட இலவச மென்பொருள் கோப்புகளின் அளவை நிறப் பெட்டிகளாகக் காட்டும். அழிக்க முதல் பார்க்கிறதுக்கு அதைவிட நல்ல கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கட ஊரில் 'தற்காலிகம்' எண்ட சொல்லுக்குச் சரித்திரம் ஒண்டு இருக்கு. ரெண்டு நாளைக்கெண்டு போனது, கொஞ்ச நாளைக்கெண்டு அடித்த தகரக் கொட்டில், அதில் பிறந்து பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையள். ஒரு பொருளுக்கு மேல அந்தச் சொல்லை ஒட்டிவிட்டால் பிறகு ஒருவரும் அதைக் கவனிக்கிறதில்லை. கணினிக்குள்ளும் அப்பிடித்தான். அம்மம்மாவின் குரல் தற்காலிகக் கோப்பாகக் கிடந்ததுக்கு ஒரே காரணம், அதுக்கு இன்னும் ஒருவரும் பேர் வைத்துச் சேமிக்கவில்லை எண்டதுதான்.

இப்போது பதிவு தொடங்க முதலே, வெறும் கோப்புக்குப் பேர் வைத்து, திகதி போட்டுச் சேமிக்கிறம். ஆள் கதைக்கத் தொடங்கிறது அதுக்குப் பிறகுதான். முடிந்த கையோட இரண்டு வேற இடங்களில் பிரதி. மாதத்துக்கு ஒருக்கால் துப்பரவு. முதலில் றீஸ்ராட், பிறகு திகதிப்படி அடுக்கி, ஒரு கிழமைக்கு முந்தியதை மட்டும்.

நீங்களும் இந்தக் கிழமை உங்கட டவுன்லோட்ஸை ஒருக்காத் திறந்து பாருங்கோ. பேர் வைக்க வேண்டியதுகளை முதலில் பொறுக்கி எடுத்து, பேர் வைத்து, ஒரு இடத்தில் வையுங்கோ. மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக அழிக்கலாம்.