எனக்குக் குளிர்கிறது



நம் சபையைச் சேர்ந்த மூன்று செவிலியர் ஜெர்மன் மொழி கற்று வருவதை உங்களில் பலர் அறிவீர்கள். மருத்துவமனைப் பணி போக எஞ்சிய நேரமெல்லாம் கைப்பேசியில் பாடம். ஆராதனை முடிந்து வாசற்படி இறங்குவதற்குள் ஒருத்தியின் திரையில் டுவோலிங்கோவின் பச்சை ஆந்தை எட்டிப் பார்த்துவிடுகிறது. "அந்தப் பிள்ளை எப்போதும் போனும் கையுமாக இருக்கிறதே, ஐயா" என்று என்னிடம் முறையிட்டவர்களையும் மனத்தில் வைத்தே இவ்வாரச் சிந்தனையை எழுதுகிறேன்.

அவர்கள் விளையாடவில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் செவிலியராக அங்கீகாரம் பெற பி2 என்னும் நிலை வேண்டும். கெத்தே நிறுவனத்தின் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது எடுத்தாக வேண்டும். ஒருத்தியின் தாயார் பயிற்சிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்திருக்கிறார். இது தெரிந்தபின் அந்தக் கைப்பேசியை நீங்கள் வேறு விதமாகப் பார்ப்பீர்கள் என நம்புகிறேன்.

இந்த மென்பொருள்கள் செய்வது புதிய வேலையன்று. ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்பதை அளந்து 1885-இல் நூலாக்கினார். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட நூலில், பல அறைகள் கொண்ட ஒரு பெட்டியையும் சொல் அட்டைகளையும் வைத்துப் படிக்கும் முறையைச் சொன்னார்: விடை சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். 2006-இல் வந்த ஆங்கி என்னும் மென்பொருள் அதைப் போன்ற ஒரு முறையைத்தான் கணினிக்குள் வைத்திருக்கிறது. மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் கெட்டிக்காரத்தனம்.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் எங்களுக்கும் அட்டைகள் இருந்தன. திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ரப்பர் வளையம் போட்டு, ஜிப்பாப் பையில் வைத்திருப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஏறத்தாழ 5,400 சொற்கள் உண்டு. அவற்றுள் ஐம்பது முறையும் அதற்கு மேலும் வருபவை முந்நூற்றுச் சொச்சம். ஆனால் அந்த முந்நூறு தெரிந்தால் பக்கத்திலுள்ள சொற்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தெரிந்துவிடும். ஆகவே அடிக்கடி வரும் சொல்லை முதலில் படி என்பது எங்கள் ஆசிரியர்களின் கட்டளை. மென்பொருளும் அதையே செய்கிறது, அழைப்பிதழ்கள்தாம் மிச்சம்.

தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவை எண்ணிப் பாருங்கள். 1706 ஜூலை 9 அன்று கரையேறிய அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். தம் அன்றாட ஒழுங்கைக் குறித்து எழுதிய கடிதத்தில், காலை ஏழு முதல் எட்டு மணிவரை ஏற்கெனவே கற்ற தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பதாகச் சொல்கிறார். நம் பிள்ளைகள் ஆந்தைக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள்; அவர் தமக்கே கொடுத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நம் மொழியை மணலில் எழுதினார்கள், இன்று நம் பெண்கள் அவர்கள் மொழியைக் கண்ணாடித் திரையில் எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சீகன்பால்குவின் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துக் கற்பித்த முதிய ஆசிரியருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. ஆகவே வாசிக்கவும் எழுதவும் வந்தது, பொருள் விளங்கவில்லை. ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் வந்தபின்தான் வழி திறந்தது. நம் பெண்களுக்கு இடையில் நிற்கும் மொழி ஆங்கிலம். மூவரும் ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மன் கற்கிறார்கள். எனக்குக் கவலை இந்த இடத்தில்தான்.

சென்ற மாதம் அவர்களில் ஒருத்தி தன் பயிற்சி ஏட்டைக் காட்டினாள். "எனக்குக் குளிர்கிறது" என்பதற்கு "இஷ் பின் கால்ட்" என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்தை அப்படியே மாற்றினால் அதுதான் வரும். ஜெர்மானியர் அப்படிச் சொல்வதில்லை. கேட்பவர், உள்ளத்தில் ஈரமில்லாதவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாளோ என்றுகூட எண்ணலாம். சரியான வாக்கியம் "மீர் இஸ்ட் கால்ட்". மீர் என்றால் "எனக்கு". நம் நான்காம் வேற்றுமை, "கு" உருபு! ஆங்கிலேயருக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை நம் வீட்டுக் குழந்தை மூன்று வயதில் போர்வையை இழுத்துக்கொண்டே சொல்கிறது. "மீர் டூட் டேர் ரூக்கன் வே" என்பதும் அப்படியே: எனக்கு முதுகு வலிக்கிறது. தமிழில் நினைத்திருந்தால் அவளுக்கு இது தவறியிருக்காது. ஆங்கிலம் கற்றவள் என்பதாலேயே தடுமாறினாள்.

இது தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிற காரியமன்று. "மீர் இஸ்ட் ஷ்லெஷ்ட்" என்று ஒரு நோயாளி முனகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஷ்லெஷ்ட்" என்றால் கெட்டது, மோசம் என்று அட்டை சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஏதோ மனக்கஷ்டம் போலும் என்று செவிலி ஆறுதல் சொல்ல நிற்பாளானால், அதற்குள் அவர் படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிடுவார். எனக்குக் குமட்டுகிறது என்பதுதான் அவர் சொன்னது. அவருக்கு அப்போது வேண்டியது ஒரு பாத்திரம்.

வலிக்கும் ஜெர்மன் மொழியில் பல பெயர்கள். குத்துகிற வலி "ஷ்டெஷென்ட்". எரிகிற வலி "ப்ரென்னென்ட்". விண்விண்ணென்று தெறிப்பது "போகென்ட்". "ட்ஸீயென்ட்" என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் தேடித் தடுமாற வேண்டும். நம் பாட்டிமாரைக் கேளுங்கள்: "காலைச் சுண்டி இழுக்குதம்மா" என்பார்கள். இழுக்கிற வலி என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

மரியாதைப் பன்மையும் அவ்விதமே. "டூ" என்றும் "ஸீ" என்றும் இரண்டு விதமாக அழைப்பது ஏன் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்று தாய்மடியிலேயே கற்றாயிற்று. ஆனால் எல்லாம் நம்முடையதைப் போலவே இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. இங்கே முதிய நோயாளியைப் "பாட்டி" என்று அழைப்பது அன்பு. அங்கே மருத்துவமனையில் முன்பின் அறியாத ஒருவரை "ஓமா" என்று அழைத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். திருமதி என்பதற்குரிய "ஃப்ராவ்" போட்டுக் குடும்பப் பெயரால் அழைக்க வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலைப் பாருங்கள். எருசலேமில் கட்டுண்டு நிற்கையில் சேனாபதியிடம் கிரேக்கத்தில் பேசுகிறார், அவன் வியக்கிறான். அடுத்த கணம் படிகளில் நின்று, கூச்சலிடும் ஜனங்களை நோக்கி எபிரெய பாஷையில் பேசத் தொடங்குகிறார். கூட்டம் இன்னும் அதிக அமைதியாகிறது. அந்நிய மொழியில் வல்லவராயிருந்தவர் பிறந்த மொழியை எங்கும் விட்டுவிட்டுப் போகவில்லை. தர்சு பட்டணத்தில் பிறந்தவருக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

சில பெற்றோர், "இனி வீட்டில் தமிழ் வேண்டாம், ஆங்கிலத்திலேயே பேசு, ஜெர்மன் சீக்கிரம் வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதேபோல, "எத்தனை நாள் விடாமல் படித்தாய்" என்று ஆந்தை காட்டும் எண்ணைக் கேட்டுப் பிள்ளைகளைத் துரத்த வேண்டாம். இரவுப் பணி முடிந்து வந்தவள் அந்த எண் அறுந்துவிடக் கூடாதென்று தூக்கக் கண்ணோடு மிக எளிய பாடம் ஒன்றைத் தட்டிவிட்டுப் படுக்கிறாள். எண் ஏறுகிறது, அன்று ஒரு சொல்லும் புதிதாக ஏறவில்லை.

ஆங்கியில் நமக்கு வேண்டிய அட்டைகளை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒருபுறம் ஜெர்மன், மறுபுறம் தமிழ். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதற்குக் கட்டணமும் இல்லை. மூவரும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை எழுதியவை உடலுறுப்புகளும் உணவும்; இனி வலிகள். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, சுளுக்கு என்று பட்டியல் நீள்கிறது. நகரத்தில் படித்த பெண்களுக்குக் கடுப்புக்கும் குடைச்சலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அகராதி வேண்டியிருந்தது. அகராதியும் சரியாகச் சொல்லவில்லை.

எனவே வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபை மண்டபத்தில் அவர்கள் கூடும்போது முதியோர் சிலர் வந்து உட்கார்ந்தால் உதவியாயிருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் அவசியம் வரவேண்டும். ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் தமிழில் நோவைச் சொல்லுங்கள். அவர்கள் அதை ஜெர்மனில் சொல்லிப் பழகட்டும். மூவரில் இளையவளுக்கு அடுத்த மாதம் பேச்சுத் தேர்வு. மற்ற மூன்று பகுதிகளிலும் தேறிவிட்டாள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.