முக்கொம்பில் ஒரு பகல்

தேர்வுகள் முடிந்த மறுநாள், திருச்சி மாநகரின் வெயிலுக்கு விடைகொடுத்து நண்பர் எண்மர் முக்கொம்புப் பூங்காவை அடைந்தோம். மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அணிற்பிள்ளைகளும் பங்குக்கு வந்தன. எங்களைவிட அவை உண்டதே மிகுதி!

உண்டபின் ஆற்றோரம் சென்றோம். அகண்ட காவிரி இங்கேதான் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. தாழ்ந்த கொள்ளிடம் நீரையெல்லாம் ஈர்த்துக்கொள்ள, தஞ்சைக் கழனிகள் வாடின. அதனைத் தடுக்கவே 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்ட முனைந்தார். அவ்வணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் வீழ்ந்தன; அருகே இன்று புதிய கதவணை எழுந்துள்ளது.

எங்களுள் ஒருவர் மட்டும் உணவைத் தொட்டாரில்லை. கவியரங்கம் என்றால் வகுப்பில் முதலில் எழுபவர் அவரே. தந்தையாரின் கடை நொடிந்துவிட்டதாம்; அடுத்த வாரம் வளைகுடாப் பயணம். முதுகலை எங்களுக்கு மட்டுமே. என்ன மொழிவதென்று அறியாது நின்றோம். யாரோ கதவணையின் கதவுகளை எண்ணத் தொடங்கினார். நாங்களும் உடன் எண்ணினோம்.

பொழுது சாய்ந்து பேருந்து ஏறுகையில், பையிலிருந்து இரண்டு நூல்களை எடுத்து நீட்டினார்.

"துறை நூலகத்தினுடையவை. மறவாமல் ஒப்படைத்துவிடுங்கள்."