தாயின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்

எங்கள் வீட்டில் பல்லைப் பற்றிய பேச்சு, பல்லுப் பிடுங்குவதைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. கொதி வந்தால் கராம்பு வைப்போம். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்குவோம். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் அயல் வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு முரசு வீங்கி, பல் தீட்டும்போதெல்லாம் இரத்தம் வந்தது. பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுக்கும், பிள்ளைத்தாச்சியின் பல்லில் கை வைக்கக் கூடாது என்று அம்மா உறுதியாக நம்பினார். நானும் நம்பினேன். கிளினிக்கில் என் பதிவு அட்டையைப் பார்த்த மருத்துவமாதுதான், "தங்கச்சி, பல்லு காட்டினீங்களோ?" என்று கேட்டார். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் இடத்தில் பல்லைப் பற்றி ஒருவர் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

அவர் அனுப்பிய பல் வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிள்ளைக்கு வேண்டிய கல்சியம் தாயின் சாப்பாட்டிலிருந்தும், அது போதாவிட்டால் எலும்பிலிருந்தும் போகிறதே தவிர, பல்லிலிருந்து போவதில்லை. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன்கள் கூடுவதால், பல்லோரத்து அழுக்குக்கு முரசு வழமையை விட அதிகமாக வீங்கும். நடு மூன்று மாதம் சிகிச்சைக்கு மிக வசதியான காலம். தாங்க முடியாத கொதி என்றால் எந்த மாதத்திலும் வரலாம். விறைப்பு ஊசி பற்றி நான் பயந்து கேட்டேன். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான மருந்தைத்தான் போடுவதாகச் சொன்னார். சத்தி எடுத்தவுடன் பல் தீட்ட வேண்டாம், வயிற்று அமிலம் பல்லின் மேற்பூச்சை இளக்கியிருக்கும், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள் என்றார்.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு அவர் சொன்ன விஷயம். சூத்தையை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. சூடு பார்த்த கரண்டியால் ஊட்டுவதும் ஒரு வழிதான். என் சூத்தைப் பல்லை அடைப்பது பிள்ளைக்கும் செய்கிற காரியம் என்பது அன்றுதான் விளங்கியது. ஒரு சதமும் கேட்காமல் அடைத்து அனுப்பினார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போன பிறகு பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தைத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்களைப் பாடசாலைகளில் வைக்கும் முறையை 1921இல் தொடங்கிய நாடு நியூசிலாந்து. அந்த முறைதான் 1950களில் இலங்கைக்கு வந்தது; மகரகமவில் பயிற்சி தருகிறார்கள். பிள்ளைகளோடு இந்தச் சிகிச்சையாளர்கள் பேசும் விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஊசியைக் காட்டி வெருட்டுவதில்லை. முதல் நாள் கதிரையில் ஏற்றி இறக்கி, கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல் வைத்தியர் என்றால் நான் இன்றும் கொஞ்சம் நடுங்குவேன். என் மகளுக்கு அந்தப் பயம் இல்லை.

ஆறு வயதில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு கொடுப்புப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால், பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நாங்கள் விட்டுவிடுவோம். அது விழாது, ஆயுளுக்கும் அந்தப் பல்தான். மகளின் அந்தப் பல்லில் தொடங்கியிருந்த சூத்தையைப் பாடசாலைச் சிகிச்சையாளர்தான் கண்டுபிடித்து அடைத்தார். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எல்லாப் பாடசாலையிலும் இந்த நிலையம் இல்லை. ஒரே ஆள் பல பாடசாலைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கூட்டம் கூடுகிற பெற்றோர் இதற்காகவும் கூடிக் கேட்க வேண்டும்.

பிள்ளைத்தாச்சிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மருத்துவமாது கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிளினிக்கில் நீங்களே வாயைத் திறந்து, "என்ர பல்லையும் பார்க்க அனுப்புங்கோ" என்று கேளுங்கள்.