செதில் திரும்ப முளைக்கும்

எங்கட அறையில் நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆள் ஒரு தங்கமீன். அதை வாங்கிக்கொண்டு வந்தவள் எங்களில் ஒருத்தி, வன்னிக்காரி. ஆனால் தீன் போடுறதும் தொட்டி கழுவுறதும் மூன்று பேரும் முறை வைத்துத்தான்.

ஒருநாள் காலையில் தொட்டியின் அடியில் நகத்துண்டு மாதிரி ஏதோ மினுங்கியது. பார்த்தால் மீனின் ஒரு பக்கத்தில் மூன்று செதில்களைக் காணேல்லை. உடனே விசாரணை தொடங்கிற்று. யார் கடைசியாகக் கழுவினது? யார் அந்தக் கூரான கல்லைப் போட்டது? இரண்டு நாள் அறையில் ஒருவரோடு ஒருவர் கதைக்கவேயில்லை.

கோபம் ஆறினபிறகுதான் தேடி வாசித்தோம். கலைப்பீடக்காரருக்கு மீனைக் குழம்பில்தானே தெரியும்!

செதில் வெளியில் ஒட்டினது எண்டு நினைச்சிருந்தம். அப்பிடியில்லை. ஒவ்வொரு செதிலும் தோலுக்குள் ஒரு சின்னப் பையில் பதிஞ்சு கிடக்குது. அதுக்கு மேலே மெல்லிய தோல், அதுக்கும் மேலே வழுவழுப்பு. கூரை ஓடு மாதிரி, தலையிலிருந்து வாலை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று. அம்மாமார் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சுரண்டுறதும் அதனால்தான்.

செதில் போனால் காயம்தான். நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகப் பார்க்கும், உப்பு வெளியேறப் பார்க்கும். தோல் கிழிந்த இடத்தில் அந்தக் காவல் குறையும். பூஞ்சணமும் கிருமியும் ஏறும். காரணங்கள் பல: மீன்கள் ஒன்றையொன்று கொத்துறது, ஒட்டுண்ணி கடிச்சு கல்லில் உரசுறது, அழுக்குத் தண்ணீர், முரட்டுக் கை. வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நின்றால் அது வேறு வருத்தம்.

எங்கட மீன் தனி மீன். கொத்த ஆளில்லை, உரசவும் இல்லை. கடைசியில் குற்றவாளியைப் பிடித்தோம்: தேத்தண்ணி வடி. தொட்டி கழுவும்போதெல்லாம் மூன்று பேருமே அந்தக் கம்பி வடியால்தான் மீனை அள்ளினோம். அது துள்ளத் துள்ள, கம்பி சுரண்டியிருக்கு. கல்லைப் போட்டவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இப்ப மீனை அள்ளுறதேயில்லை. அதைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, கால்வாசித் தண்ணீரை மட்டும் மாத்துறம். சில கிழமைகளில் புதுச் செதில் முளைத்தது, கொஞ்சம் வெளிறின நிறத்தில்.

வாசித்ததில் ஒரு விசயம் மட்டும் எங்களை விடேல்லை. மீன் வளரும்போது செதில்களின் எண்ணிக்கை கூடாது. இருக்கிற செதில்கள்தான் பெருக்கும். மரத்தைப் போலச் செதிலிலும் வளையங்கள் விழும். குளிர்நாட்டு மீன்களில் அதைவைத்து வயது சொல்லுவினம். ஆனால் விழுந்து திரும்ப முளைத்த செதிலை அதுக்கு எடுக்க மாட்டினம். அதன் நடுவில் வளையங்கள் இராது. அந்த மீனின் ஆரம்பகாலம் அந்தச் செதிலில் இல்லை.

இதை வாசித்துச் சொன்னபோது வன்னிக்காரி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட வீட்டு அல்பமும் அப்பிடித்தான்டி" என்றாள். 2009க்கு முந்தின படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. அவளின் முதல் படம் முகாமில் எடுத்தது. அதில் அவளுக்கு ஏழு வயது.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தீன் போடுற முறை அவளுடையது. மூன்று பேருமாகப் போய்ப் போட்டோம்.