கற்பனை ஊருக்கும் மடை வேண்டும்

"எப்படி இருக்கு?" என்று யாராவது எதையாவது நீட்டினால் நம்மிடம் தயாராக இருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். "சூப்பர்டா!" கவிதை, சட்டை, குறும்படம், தங்கை முதல் முறையாக வைத்த ரசம், எல்லாவற்றுக்கும் அதே சூப்பர். சொன்னவருக்குச் செலவில்லை, கேட்டவருக்கு வரவில்லை. பி.காம் பாஷையில் சொன்னால் இரண்டு பக்கமும் சைபர் போட்டு டேலி ஆகிவிடும். :-)

இந்த சூப்பரால் என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு நிஜமாகவே நஷ்டம் வரப் பார்த்தது. ஸ்ரீரங்கத்துக்காரன். ஒரு போர்டு கேம் தயாரித்திருக்கிறான். மந்திரவாதிகளும் பறக்கும் நாகங்களும் வாழும் ஒரு கிராமம். நாலு பேர் சேர்ந்து ஆடி, மழைக்காலம் வருவதற்குள் அந்த ஊரைக் கட்டி முடிக்க வேண்டும். ஆட்டம் நன்றாகவே இருக்கிறது, நாங்கள் ஆடிப் பார்த்துவிட்டோம். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் சிவகாசியில் 300 பெட்டி அடிப்பதாகத் திட்டம். பெட்டியின் மேல் வரும் கிராமத்தையும் அவனே வரைந்தான். அச்சுக்குப் போய்விட்டால் படமும் திரும்பாது, பணமும் திரும்பாது. அதனால் வகுப்பு முழுக்கக் காட்டிக் கருத்துக் கேட்டான். எல்லோரும் சூப்பர் என்றார்கள்.

எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த வாரம் ஊருக்கு, மருங்காபுரிக்குப் போனேன்.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பறக்கும் நாகத்தைப் பற்றி அவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. "ஏரி பள்ளத்துல கெடக்கு, வயலு மேட்டுல கெடக்கு. தண்ணி எப்படிப்பா ஏறும்?" என்றார்.

திருச்சி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் காவிரியையும் வாழைத்தோப்பையும் நினைத்துக்கொள்கிறார்கள். மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏரி, குளத்தில் தண்ணீர் நின்றால்தான் நெல். சரிவில் இறங்கி வரும் மழைத்தண்ணீரைத் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு மறிப்பார்கள். அந்தக் கரைக்கும் கீழேதான் வயல். மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். மிஞ்சியது கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். மோட்டாரும் கிடையாது, கரண்டும் கிடையாது. நண்பன் படத்தில் மடையும் இல்லை, கலிங்கும் இல்லை. தாத்தா பார்வையில் அந்த ஊர் ஒரே மழையில் உடைந்துபோகும் ஊர். மழைக்காலத்துக்குள் கட்டி முடிக்க வேண்டிய ஊர் வேறு!

அம்மா ஒரு வரிதான் சொன்னார். "இவ்வளவு வீடு இருக்கு, ஒரு வாசல்லகூட மனுசன காணோமே?"

எட்டு வயது சித்தி மகன் கோபுரம் மாதிரி இருந்த ஒரு கட்டிடத்தைக் காட்டி, "அண்ணே, இதுக்குள்ள யாரு இருக்கா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனே ஒரு கதை சொல்லி முடித்துவிட்டான்.

திரும்பி வந்ததும் தெப்பக்குளம் பக்கம் ஒரு பொம்மைக் கடையில் காட்டினோம். கடைக்காரர் படத்தையே பார்க்கவில்லை! "பெட்டிய அடுக்கி வெச்சா மேல் பக்கம் எங்கப்பா தெரியும்? பக்கவாட்டுல பேரு போட்டிருக்கியா?" என்றார். கூடவே ஒரு வியாபாரப் பாடம். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மை என்றால் 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். வகுப்பில் 'பேக்கேஜிங் ஒரு பேசாத விற்பனையாளர்' என்று எழுதி மார்க் வாங்கிய எங்கள் இருவருக்குமே இது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆக, வகுப்பே சொல்லாததை நாலு பேர் சொல்லிவிட்டார்கள். ஏன்? இந்த நாலு பேருமே 'எப்படி இருக்கு' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தங்கள் கண்ணில் முதலில் பட்டதைச் சொன்னார்கள். தாத்தா கண்ணுக்குத் தண்ணீர், அம்மா கண்ணுக்கு ஆள், பையன் கண்ணுக்குக் கதை, கடைக்காரர் கண்ணுக்கு அலமாரி.

நண்பனுக்கு முதலில் கோபம்தான். "ஃபேன்டசிடா! அங்க தண்ணி மேல ஏறும்." நியாயமான வாதம்தான். ஆனால் ஏறுகிறது என்றால் ஏற்றுகிற மந்திரவாதியைப் படத்தில் காட்டியிருக்க வேண்டுமே? காட்டாதவரை அது மந்திரம் அல்ல, கவனக்குறைவு. பறக்கும் நாகத்தை தாத்தா நம்பியதற்குக் காரணம், அதற்கு இறக்கை இருந்தது.

இன்னொன்றும் எனக்குப் பிடிபட்டது. உறுத்தல் அங்கேதான் இருந்தது. கூரையெல்லாம் ஊசி முனை, வீட்டுக்கு வீடு புகைபோக்கி, சுற்றிலும் பைன் மரம். பனி கொட்டுகிற ஊருக்குச் சரி. மழைக்குப் பயந்து கட்டுகிற ஊருக்கு? கார்கசோன் என்று 2000இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். அந்தப் பெயர் பிரான்சின் தெற்கே இருக்கும் நிஜமான கோட்டை ஊருடையது. நாம் கற்பனை என்று நினைத்துக் காப்பியடிப்பது பல நேரம் இன்னொருவருடைய நிஜம்.

சரி, இவன் வசிப்பது எங்கே? இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒரு தீவு. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். வெளி மதில்களுக்குள்ளேயே தெருக்கள், வீடுகள், காய்கறிக் கடைகள். மொத்தம் 21 கோபுரங்கள், வண்ணக் கோபுரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெள்ளை. தெற்கே நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்று, 1987இல் 236 அடிக்கு எழுந்து முடிந்த ராஜகோபுரம். ஸ்ரீரங்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "எந்த கேம்ல வருது?" என்பார். விளையாட்டுப் படத்துக்குக்கூட அங்கே பஞ்சமில்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் பரமபத சோபான படத்துக்குப் பெட்டியே கிடையாது. பாம்பின் தலை எங்கே, வால் எங்கே என்று பார்த்தாலே ஆட்டம் புரிந்துவிடும்.

"கோபுரம் போட்டா சாமி கேம்னு ஒதுக்கிடுவாங்கடா" என்றான். அவன் சொல்வதும் சரிதான். நான் சொன்னது கோபுரத்தை அல்ல, மதிலுக்குள் மதில் என்ற அமைப்பை. எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்லலாம், மருந்து எழுத வேண்டியது வைத்தியர். கருத்துக் கேட்பதும் அப்படித்தான். வலியை எல்லோரிடமும் கேட்கலாம், மருந்தை வரைபவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வாரம் போராடித் திரும்ப வரைந்தான். இப்போது ஏரி மேலே, கரைக்குக் கீழே வயல், மடை வாயில் ஒரு குட்டி நாகம் காவல். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில்கள், உள்ளே போகப் போக வெளிச்சம் குறைகிறது. திண்ணைகளில் ஆட்கள். பைன் போய்ப் பனைமரம் வந்துவிட்டது. செல்போனில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம், மதில்களின் வளையம் அப்போதும் தெரிகிறது. பக்கவாட்டில் பெரிதாகப் பெயர்.

புகைபோக்கி ஒன்றே ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றுவிட்டான். ஏன் என்றேன். "அது நாகங்களுக்குச் சமைக்கிற வீடு. எவ்வளவு பெரிய அடுப்பு இருக்கும்னு நெனச்சுப் பாரு" என்றான். காரணம் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. 300 பெட்டியும் விற்குமா, தெரியாது. உங்களிடம் யாராவது எதையாவது நீட்டி எப்படி இருக்கு என்றால், தயவுசெய்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கண்ணில் முதலில் பட்டது எது என்று மட்டுமாவது சொல்லுங்கள். சூப்பரை அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.