ஒற்றைக் கதவு

என் வாப்பா ஓடாவி. மரக்காலையில் பலகையை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்ட பிறகுதான் விலை பேசுவார். கிற்றார் செய்கிறவர்களும் அப்படித்தான் தட்டிப் பார்த்து மரம் எடுக்கிறார்கள் என்பதை, அவருடைய பேரன் ஒரு கிற்றார் செய்யப் போகிறேன் என்று வந்து நின்ற போதுதான் அறிந்தேன்.

அவன் கண் வைத்தது மரக்காலைப் பலகையில் அல்ல. உம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் சாத்தியிருந்த அலுமாரிக் கதவில். வாப்பா தேக்கில் செய்த அலுமாரி அது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பின், அந்த ஒற்றைக் கதவு மட்டும் வயலோரத்தில் கிடந்தது. வாப்பாவின் கைவேலையில் எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

"அத வெட்டேலாது" என்றேன். காரணம் காட்ட வேண்டுமென்பதற்காகத்தான் கிற்றார் மரங்களைப் பற்றி வாசிக்கவே தொடங்கினேன்.

அவன் முதலில் விரும்பியது மின்சாரம் இல்லாத கிற்றார். அதில் குரல் பிறப்பது மேற்பலகையில். கம்பிகளின் இழுவையைத் தாங்கவும் வேண்டும், இலேசாக அதிரவும் வேண்டும். பாரம் குறைவாகவும் விறைப்புக் கூடுதலாகவும் உள்ள மரம் தேவை. அதனால்தான் குளிர்நாட்டு ஸ்புரூஸ். அதையும் ரேகைகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்து, மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சீவுவார்கள். தேக்கு அதற்குப் பாரம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வூட்தான் வேண்டும் என்று ஒரு பெரும் பேச்சு உண்டு. பிரேசில் ரோஸ்வூட்டை வெட்டித் தீர்த்து, 1992இல் சர்வதேச வர்த்தகத்தையே தடுக்க வேண்டி வந்தது. ஆனால் ஸ்பெயினின் அன்ரோனியோ டி ரொறெஸ் 1862லேயே முதுகையும் பக்கங்களையும் காகித மட்டையால் செய்து, மேற்பலகைதான் முக்கியம் என்று காட்டிவிட்டார். 2018இல் வெளியான லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வொன்றில், முதுகு மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். மங்கிய வெளிச்சம், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. மலிவான மரமும் பிரேசில் மரமும் ஏறத்தாழ ஒரே புள்ளிகளைத்தான் பெற்றன. இத்தனை காடு எதற்காக அழிந்தது என்று எனக்குக் கோபமே வந்தது.

மகன் விடவில்லை. "அப்ப எலக்ரிக் செய்றன் வாப்பா" என்றான். அதில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்சாரமாக்குகிறது. உடல் மரம் குரலை எவ்வளவு மாற்றும் என்பதில் இன்றும் சண்டை. பாரம், உறுதி, கையில் இருக்கும் விதம், இவையே பெரிது என்பது என் கட்சி. லெஸ் போல் 1940 வாக்கில் ஒரு பைன் மரக்கட்டையிலேயே கம்பி பூட்டினார். பிரையன் மே தகப்பனோடு சேர்ந்து செய்த கிற்றாரின் கழுத்து, பழைய கணப்படுப்புச் சட்டத்து மகோகனி. இந்தக் கதையை மகன்தான் எனக்குச் சொன்னான். எதற்காகச் சொன்னான் என்று விளங்காமலில்லை.

கடைசியில் உம்மாவிடமே கேட்டோம். அவர் கதவை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சாவி போடுற ஓட்டைய மட்டும் அடச்சிராத மகன்."

கதவு ஓர் அங்குலம்தான் தடிப்பு. கிற்றார் உடலுக்கு இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். தேக்கில் எண்ணெய் அதிகம், பசை பிடிக்காது. சீவிய கையோடு தின்னரால் துடைத்து ஒட்டினோம். துருப்பிடித்த ஆணியொன்று உள்ளே ஒளிந்திருந்து சீவுளியின் அலகைப் பல்லாக்கியது. கழுத்துக்கு நேர் ரேகையுள்ள மகோகனியை மரக்காலையில் தேடினோம். நான்காவது பலகையைத் தட்டிய போதுதான் கவனித்தேன், என் தலையும் வாப்பாவைப் போலவே சாய்ந்திருந்தது.

வேலை முடிந்ததும் உம்மாவுக்கு முன்னால் வைத்து மீட்டிக் காட்டினான். மின்சாரம் கொடுக்காத எலக்ரிக் கிற்றார் நுளம்பு போலத்தான் முனகும்.

"இவ்வளவுதானா?" என்றார் உம்மா, முகம் வாடி.

அவன் வயரைச் செருகினான். அடுத்த கணம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அல்லாஹ்வே, கொறச்சி வை!" என்று காதைப் பொத்தியவர், சற்றுப் பொறுத்து, "இன்னொருக்கா அடி" என்றார்.